சிறுபடகு வழிசெலுத்தல்

சிறுபடகு வழிசெலுத்தல் என்பது துடுப்பு, பாய் அல்லது சிறிய எந்திரத்தால் இயங்கும் படகைக் கரையிலிருந்து கடலுக்குள் கொண்டுசென்று, இருக்கும் இடத்தையும் செல்லவேண்டிய திசையையும் அறிந்து, ஏறியவர் அனைவரையும் பாதுகாப்பாகக் கரைசேர்க்கும் அறிவும் செயல்முறையும் ஆகும். பெரிய கப்பலில் இப்பொறுப்பு மாலுமிகள் பலரிடையே பகிரப்படுகிறது. சிறுபடகில் காற்றைக் கவனிப்பது, எந்திரத்தை இயக்குவது, வழி காண்பது, திரும்பும் நேரத்தை முடிவுசெய்வது ஆகிய அனைத்தும் பெரும்பாலும் படகோட்டி ஒருவரையே சாரும்.

இக்கட்டுரை இதன் அடிப்படைகளைத் தென்சென்னையின் கொட்டிவாக்கம் கடற்பகுதியை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது. திருவான்மியூருக்கும் பாலவாக்கத்துக்கும் இடையில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்துள்ள கொட்டிவாக்கம் 2011 இல் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. இதன் கடற்கரையில் உள்ள மீனவர் குப்பத்தில் படகுகள் மணலில் இருந்தே நேரடியாகக் கடலில் இறக்கப்படுகின்றன.

பின்னணி

சோழமண்டலக் கடற்கரையின் சென்னைப் பகுதியில் இயற்கைத் துறைமுகம் கிடையாது. கரை ஏறத்தாழ வடக்குத் தெற்காக நேர்கோட்டில் அமைந்து, வங்காள விரிகுடாவின் அலைகளை மறைப்பின்றி எதிர்கொள்கிறது. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செயற்கைத் துறைமுகம் கட்டப்படும் வரை கப்பல்கள் அலை உடையும் பகுதிக்கு வெளியே நங்கூரமிட்டு நின்றன. பயணிகளும் சரக்குகளும் மசூலாப் படகுகளில் கரைக்குக் கொண்டுவரப்பட்டனர். இப்படகின் பலகைகள் ஆணியால் அறையப்படாமல் கயிற்றால் தைக்கப்பட்டிருந்ததால், அலை மோதும்போதும் தரைதட்டும்போதும் உடையாமல் நெகிழ்ந்து கொடுத்தன.

மீனவர்கள் பயன்படுத்திய கட்டுமரம் மேலும் எளிய தீர்வாகும். மரக்கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய இதில் நீர் தேங்க இடமில்லை, கவிழ்ந்தாலும் மூழ்காது. ஆங்கிலத்தில் இரட்டை உடல் படகைக் குறிக்கும் கேட்டமரான் என்ற சொல் இதன் பெயரிலிருந்து பிறந்ததாகும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர் இக்கடற்கரையில் கட்டுமரங்களின் இடத்தைப் பெருமளவில் கண்ணாடியிழைப் படகுகள் பிடித்தன. இவற்றை மீனவர்கள் சுருக்கமாக "ஃபைபர்" என்பர். இவை விரைவானவை, அதிகச் சுமை தாங்குபவை. ஆனால் கட்டுமரத்தைப் போலன்றி இவற்றில் நீர் நிறையக்கூடும். எனவே கட்டுமரத்தின் அமைப்பே அளித்த பாதுகாப்பின் ஒரு பகுதியை, ஃபைபர் படகில் படகோட்டி தன் முன்னேற்பாட்டால் ஈடுசெய்ய வேண்டியுள்ளது.

படகின் பகுதிகள்

படகின் முன்முனை அணியம் எனவும், பின்முனை பின்னணியம் எனவும் வழங்கப்படும். அணியத்தை நோக்கி நிற்பவரின் வலக்கைப் பக்கம் வலப்புறம், இடக்கைப் பக்கம் இடப்புறம் ஆகும். படகில் எவர் எத்திசை நோக்கி அமர்ந்திருந்தாலும் இப்பெயர்கள் மாறுவதில்லை. தொலைவு கடல் மைலில் அளக்கப்படுகிறது. ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். இது அகலாங்கில் ஒரு கலைக்கு (ஒரு பாகையில் 60 இல் ஒரு பங்கு) ஏறத்தாழச் சமம். மணிக்கு ஒரு கடல் மைல் என்னும் வேகம் ஒரு நாட் எனப்படும்.

புறப்படுமுன்

கடலில் நேரும் விபத்துகள் பலவற்றின் காரணம் கரையிலேயே தொடங்குகிறது. புறப்படுமுன் கவனிக்க வேண்டியவை:

* வானிலை: இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மீனவர் எச்சரிக்கையையும், ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையம் (இன்காய்ஸ்) வெளியிடும் அலை உயரம், காற்று பற்றிய முன்னறிவிப்பையும் பார்த்தல்.
* தகவல்: எங்கு செல்கிறோம், எத்தனை பேர், எப்போது திரும்புவோம், எந்த நேரம் கடந்தால் தேட வேண்டும் என்பதைக் கரையில் உள்ள ஒருவரிடம் சொல்லிச் செல்லல். தேடுதலின் பரப்பைக் குறைப்பதற்கு இதைவிட எளிய வழி வேறில்லை.
* எரிபொருள்: போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, இருப்பு ஒரு பங்கு என மூன்றாகப் பிரித்துக் கணக்கிடல். எதிர்க்காற்றில் திரும்பும் பயணம் போன பயணத்தைவிட அதிக எரிபொருளை எடுக்கும்.
* படகு: நீர் வெளியேற்றும் துளையின் அடைப்பான், மிதவை அறைகள், எந்திரத்தின் பிணைப்பு ஆகியவற்றைச் சரிபார்த்தல்.
* கருவிகள்: ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கி (லைஃப் ஜாக்கெட்), துடுப்பு, போதிய கயிற்றுடன் நங்கூரம், நீர் இறைக்கும் வாளி, நீர்புகா டார்ச் விளக்கு, ஊதல், திசைகாட்டி, கத்தி, முதலுதவிப் பெட்டி, குடிநீர், நீர்புகா உறையில் கைபேசி.

வலை இழுக்க இடையூறாக இருப்பதால் உயிர்காப்பு அங்கியை அணியாமல் படகில் வைத்திருக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. ஆனால் கவிழும் படகில் அதைத் தேடி எடுத்து அணிய நேரம் கிடைப்பதில்லை. அலை உடையும் பகுதியைக் கடக்கும்போதும், இரவிலும், தனியாகச் செல்லும்போதும் அதை அணிந்திருப்பது இன்றியமையாதது.

காற்று

பழந்தமிழில் காற்று வரும் திசையைக் கொண்டே பெயர் பெற்றது. வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை. கடலோர வழக்கில் மேற்கு, தென்மேற்குக் காற்று கச்சான் எனவும் அழைக்கப்படுகிறது.

சென்னைக் கடற்கரையில் நாள்தோறும் நிகழும் மாற்றமும் முக்கியமானது. இரவில் நிலம் விரைவாகக் குளிர்வதால் அதிகாலையில் கரையிலிருந்து கடல் நோக்கி நிலக்காற்று வீசுகிறது. பகலில் நிலம் சூடேறியதும் கடற்காற்று கரை நோக்கி வீசத் தொடங்குகிறது. பாய்மரக் காலத்தில் மீனவர்கள் நிலக்காற்றில் கடலுக்குச் சென்று கடற்காற்றில் திரும்பினர்.

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இந்த ஒழுங்கு குலையக்கூடும். மேலைக்காற்று வலுத்திருக்கும் நாட்களில் கடற்காற்று தாமதமாகவே வரும், சில நாட்களில் வராமலும் போகும். கரையிலிருந்து வெளியே வீசும் காற்று கரையோர அலைகளை அடக்கிவிடுவதால், மணலில் நின்று பார்ப்பவருக்குக் கடல் அமைதியாகத் தோன்றும். வெளியே செல்லச் செல்ல அலை வலுக்கும். எந்திரம் நின்றுவிட்டால் அதே காற்று படகைக் கரையிலிருந்து மேலும் விலக்கிக்கொண்டே செல்லும். அமைதியான கரையோரம் மட்டுமே பாதுகாப்பின் அடையாளம் ஆகாது.

நீரோட்டம்

இந்தியாவின் கிழக்குக் கரையோர நீரோட்டம் ஆண்டுக்கு இருமுறை திசை மாறுகிறது. பொதுவாக ஆண்டின் தொடக்க மாதங்களிலும் கோடையிலும் அது வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கு நோக்கியும் செல்கிறது. நாளுக்கு நாள் வேறுபாடுகளும் உண்டு. 2017 சனவரி 28 அன்று எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதியதில் கசிந்த எண்ணெய், அடுத்தடுத்த நாட்களில் தெற்கே மெரினா, பெசன்ட் நகர் கடற்கரைகள் வரை வந்தடைந்தது. மிதக்கும் பொருளை, அது எண்ணெய் ஆனாலும் எந்திரம் நின்ற படகு ஆனாலும், நீரோட்டமும் காற்றும் எவ்வாறு கொண்டுசெல்லும் என்பதற்கு இது சான்றாகும்.

நங்கூரக் கயிறு எப்பக்கம் இழுபடுகிறது, மிதவை எப்பக்கம் சாய்கிறது, வலை எத்திசையில் விரிகிறது என்பவற்றைக் கொண்டு நீரோட்டத்தின் திசையையும் வலிமையையும் அறியலாம். சென்னையில் ஓதங்களுக்கு இடையிலான நீர்மட்ட வேறுபாடு பெரிய ஓத நாட்களிலும் ஏறத்தாழ ஒரு மீட்டர் மட்டுமே. ஆயினும் அடையாறு, கோவளம் போன்ற முகத்துவாரங்களில் வெளியேறும் நீரும் உள்வரும் அலையும் மோதுமிடம் ஆபத்தானது.

அலை உடையும் பகுதியைக் கடத்தல்

கொட்டிவாக்கம் போன்ற திறந்த கரையில் பயணத்தின் மிகக் கடினமான பகுதி முதல் சில நூறு மீட்டர்களும் இறுதிச் சில நூறு மீட்டர்களுமே ஆகும். பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் உள்ள சிமிட் நினைவிடம் இதனை நினைவூட்டுகிறது. 1930 டிசம்பர் 30 அன்று பிறரின் உயிரைக் காக்க முயன்று அங்கு நீரில் மூழ்கி இறந்தவரின் நினைவாக அது எழுப்பப்பட்டது.

அலைகள் ஒரே அளவில் வருவதில்லை. பெரிய அலைகள் சில தொடர்ந்து வந்தபின் சிறிது நேரம் சிறிய அலைகள் வரும். எனவே இறங்குமுன் கரையில் நின்று சில நிமிடங்கள் அலைகளை எண்ணிப் பார்ப்பது வழக்கம்.

வெளிச்செல்லும்போது: பெரிய அலைத்தொகுதி கடந்ததும் படகை இறக்க வேண்டும். அணியம் எப்போதும் அலைக்கு நேராக இருக்க வேண்டும். பக்கவாட்டில் அலை வாங்கும் படகு எளிதில் கவிழும். அலையின் மேல் ஏறும் வரை விசை கொடுத்து, உச்சியைத் தாண்டும்போது விசையைக் குறைத்தால் படகு மறுபுறம் அறைந்து விழாது.

கரைதிரும்பும்போது: அலை உடையும் இடத்துக்கு வெளியே நின்று காத்திருக்க வேண்டும். பிறகு ஓர் அலையின் முதுகைத் தொடர்ந்து, அதை முந்தாமலும் பின்வரும் அலை எட்டிவிடாமலும் அதே வேகத்தில் வர வேண்டும். அலையின் முன்சரிவில் படகு சறுக்கத் தொடங்கினால் அணியம் நீரில் குத்தி, பின்னணியம் சுழன்று, படகு குறுக்கே திரும்பிக் கவிழ்ந்துவிடும். எடையைப் பின்பக்கமாக வைத்திருப்பது இதனைத் தவிர்க்க உதவும்.

உள்ளூர்க் காற்றே இல்லாத நாளிலும் பேரலைகள் வரலாம். தென் இந்தியப் பெருங்கடலில் தொலைவில் எழும் புயல்களின் அலைகள் சில நாட்களில் நம் கரையை அடைகின்றன. கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் இது கள்ளக்கடல் எனப்படுகிறது. 2024 மே மாதம் குமரி மாவட்டத்தில் இத்தகைய அலைகளால் உயிரிழப்பு நேர்ந்தது. இன்காய்ஸ் இதற்கெனத் தனி எச்சரிக்கை வெளியிடுகிறது.

இடமறிதல்

கரை அடையாளங்கள்

கரையில் ஒன்றன்பின் ஒன்றாக உள்ள இரு பொருள்கள், எடுத்துக்காட்டாக ஒரு கோபுரமும் அதன் பின்னுள்ள உயர்ந்த கட்டடமும், ஒரே கோட்டில் தெரிந்தால் படகு அக்கோட்டின் மீது எங்கோ உள்ளது. வேறு திசையில் இன்னோர் இணை அடையாளமும் ஒன்றுசேர்ந்தால் இரு கோடுகளும் வெட்டும் புள்ளியே படகின் இடம். மீனவர்கள் கடலடியில் உள்ள பார்களை (பாறைத்திட்டுகளை) இம்முறையாலேயே தலைமுறைகளாகக் கண்டறிந்து வந்துள்ளனர். நகரம் வளரும்போது பழைய அடையாளங்கள் புதிய கட்டடங்களால் மறைவதால் அவற்றை அவ்வப்போது புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

திசைகாட்டியும் கணிப்பும்

சென்னையில் காந்த வடக்கிற்கும் உண்மை வடக்கிற்கும் உள்ள வேறுபாடு 2 பாகைக்கும் குறைவாதலால் சிறுபடகுக்கு அதனைப் புறக்கணிக்கலாம். எந்திரம், கைபேசி, இரும்புப் பொருள்கள் அருகில் இருந்தால் ஏற்படும் பிழை அதைவிடப் பெரிது.

வேகத்தையும் நேரத்தையும் பெருக்கினால் தொலைவு கிடைக்கும். ஆனால் நீரோட்டத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கொட்டிவாக்கத்துக்கு நேர்கிழக்கே 6 கடல் மைலில் உள்ள படகு, 6 நாட் வேகத்தில் நேர்மேற்கு (270 பாகை) நோக்கித் திரும்புவதாகக் கொள்வோம். ஒரு நாட் நீரோட்டம் வடக்கு நோக்கி ஓடினால், ஒரு மணி நேரத்தில் படகு ஒரு கடல் மைல் வடக்கே விலகித் திருவான்மியூர்க் கடற்கரையை அடையும். திரும்புமுன் எந்திரத்தை நிறுத்திவிட்டு இரண்டு மணி நேரம் மிதந்தபடி மீன்பிடித்திருந்தால் மொத்த விலகல் மூன்று கடல் மைலாகி, அடையாற்று முகத்துவாரத்தின் அருகே கரைசேர நேரிடும். இதனைத் தவிர்க்க, திரும்பும்போது அணியத்தை நீரோட்டம் வரும் பக்கமாக, அதாவது தெற்கே, ஏறத்தாழ 10 பாகை திருப்பி 260 பாகையில் செலுத்த வேண்டும். முன்பே விலகிய தொலைவுக்கு இதற்கும் மேலாகத் தெற்கு நோக்கிச் செல்ல வேண்டியிருக்கும்.

கலங்கரை விளக்கம்

மெரினாவில் உள்ள சென்னைக் கலங்கரை விளக்கம் 1977 இல் செயல்படத் தொடங்கியது. இதன் ஒளி 10 நொடிக்கு ஒருமுறை இரட்டைச் சுடராக வெளிப்படுகிறது. ஒவ்வொரு கலங்கரை விளக்கத்துக்கும் இவ்வாறு தனித்த ஒளிமுறை உண்டு. கரையோர விளக்குகளுக்கிடையே இதனை அடையாளம் காண நொடிகளை எண்ண வேண்டும்.

புவியின் வளைவு காரணமாக, பார்வைத் தொலைவு உயரத்தைப் பொறுத்தது. உயரத்தின் (மீட்டரில்) வர்க்கமூலத்தை ஏறத்தாழ 2.1 ஆல் பெருக்கினால் தொடுவானத் தொலைவு கடல் மைலில் கிடைக்கும். சிறுபடகில் 1.5 மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணுக்குத் தொடுவானம் 2.5 கடல் மைல் மட்டுமே. இவ்விளக்கின் ஒளி ஏறத்தாழ 57 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இரண்டையும் கூட்டினால், தெளிந்த இரவில் ஏறத்தாழ 18 கடல் மைல் வரை படகிலிருந்து அது தெரியக்கூடும். நீரில் தலை மட்டும் தெரியும் மனிதரைச் சில நூறு மீட்டருக்கு அப்பால் காண்பதே கடினம் என்பதையும் இங்கு நினைவில் கொள்ள வேண்டும்.

விண்மீன்கள்

துருவ விண்மீன் ஓரிடத்தில் தொடுவானத்துக்கு மேல் எத்தனை பாகையில் தெரிகிறதோ அதுவே ஏறத்தாழ அவ்விடத்தின் அகலாங்கு. சென்னையில் அது 13 பாகை உயரத்தில் மட்டுமே நிற்பதால் மூட்டத்தில் மறைந்துவிடும். ஓரியன் மண்டலத்தின் இடைவார் விண்மீன்கள் மூன்றும் வான நடுவரை அருகே உள்ளதால், கிட்டத்தட்ட நேர்கிழக்கில் எழுந்து நேர்மேற்கில் மறைகின்றன. இக்கடற்கரையில் மேற்கு என்பது கரைத்திசை ஆகும்.

செயற்கைக்கோள் கருவிகள்

ஜிபிஎஸ் கருவியும் கைபேசியும் இடமறிதலை மிக எளிதாக்கியுள்ளன. புறப்படும் இடத்தைக் கருவியில் பதிந்துகொள்வது முதற்பணி. மின்கலம் தீர்வதும், நீர் புகுவதும், கரையிலிருந்து விலகியதும் கைபேசி அலைவரிசை அற்றுப்போவதும் இயல்பே. ஆதலால் முந்தைய முறைகளும் தெரிந்திருக்க வேண்டும்.

கடற்போக்குவரத்து விதிகள்

1972 இல் உருவாக்கப்பட்டு 1977 இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு மோதல் தடுப்பு விதிகள் சிறுபடகுகளுக்கும் பொருந்தும். அவற்றுள் முதன்மையானவை:

* எந்நேரமும் கண்ணாலும் காதாலும் சுற்றிலும் கவனித்தல்.
* எந்திரப் படகுகள் இரண்டு நேருக்கு நேர் வந்தால் இரண்டும் வலப்புறம் திரும்புதல்.
* எந்திரப் படகுகளின் பாதைகள் குறுக்கிட்டால், மற்றதைத் தன் வலப்புறத்தில் காணும் படகு வழிவிடுதல்.
* முந்திச்செல்லும் படகு, முந்தப்படும் படகுக்கு இடையூறின்றி விலகிச்செல்லுதல்.
* இரவில் விளக்கு: இடப்புறம் சிவப்பு, வலப்புறம் பச்சை, பின்புறம் வெள்ளை, எந்திரத்தில் செல்லும்போது இவற்றுடன் மேலே முன்னோக்கிய வெள்ளை விளக்கும் உண்டு. 7 மீட்டருக்குக் குறைந்த நீளமும் 7 நாட்டுக்கு மேற்படாத வேகமும் உள்ள எந்திரப் படகு, சுற்றிலும் தெரியும் ஒரே வெள்ளை விளக்கைக் காட்டலாம்.

ஒரு கப்பலைப் பார்க்கும் திசை மாறாமலே அது நெருங்கி வந்தால், மோதல் நேரும் என்று கொள்ள வேண்டும். பெரிய கப்பல் நிற்பதற்கு நெடுந்தொலைவு தேவை. அதன் மேடையிலிருந்து அருகில் உள்ள ஃபைபர் படகு தெரியாமலும் போகலாம். சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களின் கப்பல் பாதைகளிலும் நங்கூரப் பகுதிகளிலும் சிறுபடகு முன்கூட்டியே விலகிச்செல்வதே பாதுகாப்பானது.

அவசர நிலைகள்

* எந்திரம் நின்றால்: நங்கூரம் இடுவதே முதற்செயல், பழுது பார்ப்பது அதன்பின். படகு அலை உடையும் பகுதிக்கோ ஆழ்கடலுக்கோ நகர்வதை இது தடுக்கும். ஆழத்தைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு கயிறு விட வேண்டும். நங்கூரம் எட்டாத ஆழத்தில், கயிற்றில் கட்டிய வாளியையோ வலையையோ அணியத்திலிருந்து நீரில் விட்டால் அணியம் அலையை நோக்கியே நிற்கும்.
* ஒருவர் நீரில் விழுந்தால்: உரக்கக் கூவி, மிதக்கும் எதையேனும் வீசி, ஒருவர் கண்ணெடுக்காமல் அவரைக் கைகாட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அருகில் வந்ததும் எந்திரத்தை நிறுத்திவிட்டே அவரை ஏற்ற வேண்டும்.
* படகு கவிழ்ந்தால்: படகைவிட்டு நீந்திச் செல்லக்கூடாது. கரை அருகில் இருப்பதுபோல் தோன்றினாலும் தொலைவு ஏமாற்றும். நீந்தும் மனிதரைவிடக் கவிழ்ந்த படகு தேடுவோர் கண்ணில் எளிதில் படும்.
* உதவி அழைத்தல்: இந்தியக் கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் காவல் குழுமம் 1093. விஎச்எஃப் வானொலியில் அவசர அலைவரிசை 16. "மேடே" என மும்முறை கூறி, படகின் பெயர், இடம், ஆபத்தின் தன்மை, ஆட்களின் எண்ணிக்கை ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும். நீட்டிய இரு கைகளையும் மெதுவாக மேலும் கீழும் அசைத்தல், செந்தீச்சுடர், செம்மஞ்சள் புகை ஆகியவை பன்னாட்டு ஆபத்துக் குறிகள்.

சென்னையில் கடலோரக் காவல்படையின் கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு மையம் இயங்குகிறது. செயற்கைக்கோள் வழியே ஆபத்துச் செய்தி அனுப்பும் கருவிகளை இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் மீனவர்களுக்கென உருவாக்கியுள்ளது.

புயல் எச்சரிக்கை

துறைமுகங்களில் 1 முதல் 11 வரை எண்ணிட்ட புயல் எச்சரிக்கைக் குறிகள், பகலில் கூம்பு, உருளை வடிவங்களாலும் இரவில் விளக்குகளாலும் காட்டப்படுகின்றன. 1, 2 ஆகியவை தொலைவில் உள்ள வானிலையையும், 3, 4 ஆகியவை அத்துறைமுகத்துக்கான எச்சரிக்கையையும், 5 முதல் 7 வரை அபாயத்தையும், 8 முதல் 10 வரை பேரபாயத்தையும், 11 தகவல் தொடர்பு அற்றுப்போனதையும் குறிக்கும். இவை கப்பல்களுக்கானவை; சிறுபடகு கடலுக்குச் செல்லாதிருக்க முதல் எண்ணே போதிய காரணமாகும்.

2017 நவம்பர் 30 அன்று குமரிமுனை அருகே கடந்த ஒக்கிப் புயலில் குமரி மாவட்டத்தையும் கேரளத்தையும் சேர்ந்த மீனவர்கள் பலர் உயிரிழந்தனர், பலர் காணாமற்போயினர். அவர்களுள் பலர் எச்சரிக்கைக்குப் பல நாட்கள் முன்பே ஆழ்கடலுக்குச் சென்றவர்கள். கரையில் வெளியான செய்தி அவர்களை எட்டவில்லை. கடலில் இருப்பவரை எட்டும் தகவல் தொடர்பு இல்லாதபோது முன்னறிவிப்பின் பயன் கரையோடு நின்றுவிடுகிறது என்பதை இந்நிகழ்வு காட்டியது.

சட்டமும் பயிற்சியும்

தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், 1983 கரையை ஒட்டிய கடற்பகுதியை நாட்டுப் படகுகளுக்கு ஒதுக்குகிறது. விசைப்படகுகள் அதற்கு அப்பாலேயே மீன்பிடிக்க வேண்டும். பொழுதுபோக்குப் பாய்ப்படகோட்டத்தைச் சென்னைத் துறைமுகத்தில் 1911 முதல் இயங்கும் ராயல் மெட்ராஸ் படகுக் கழகத்தில் கற்கலாம். எனினும் திறந்த கரையின் அலைகளைப் பற்றிய அறிவு அந்தந்தக் குப்பத்து மீனவர்களிடமே செறிந்துள்ளது. புதிதாகப் படகு செலுத்துவோர் ஓர் இடத்தில் இறங்குமுன் அங்குள்ள மீனவர்களிடம் அன்றைய காற்றையும் நீரோட்டத்தையும் கேட்டறிவது நலம். அன்று அவர்கள் படகுகளை மணலிலேயே விட்டிருந்தால் அதுவும் ஓர் எச்சரிக்கையே ஆகும்.

இவற்றையும் பார்க்க

* கட்டுமரம்
* கலங்கரை விளக்கம்
* திசைகாட்டி
* கொட்டிவாக்கம்
* வடகிழக்குப் பருவக்காற்று